ஒரே தாளில் ஒரு குடும்பம்



ஜப்பானில் நம் குடும்ப வாழ்க்கையைப் பற்றிச் சரித்திரமாக ஏதாவது எழுதுங்கள் என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். நான் சரித்திரம் படித்தவள் அல்ல. சிங்கப்பூரில் நர்ஸ் படிப்பு படித்தவள். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் இருந்தபோது, சென்ற மாத ஐக்கிய விருந்தில் ஒரு குட்டிப் பையன் தட்டை நீட்டி, "ஆன்ட்டி, ஜாகாஇமோ மட்டும் போதும்" என்றான். அவன் அம்மா வெட்கப்பட்டு, "உருளைக்கிழங்குன்னு சொல்லுடா" என்று திருத்தினார். அந்தச் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன்.

பிள்ளைகளே, "இமோ" என்றால் கிழங்கு. "ஜாகா" என்ன தெரியுமா? அது ஓர் ஊரின் பெயர். இன்றைய ஜகார்த்தாவைப் பழைய ஜப்பானியர் "ஜகதாரா" என்று அழைத்தார்கள். ஒல்லாந்துக் கப்பல்கள் அங்கிருந்து கொண்டுவந்த கிழங்கு ஜகதாரா இமோ ஆகி, பிறகு ஜாகாஇமோ ஆயிற்று. கிழங்கு அங்கிருந்து வந்தது. அதே ஊருக்கு இங்கிருந்து குடும்பங்களைக் கப்பலேற்றி அனுப்பினார்கள் என்பதுதான் கதையின் மறுபக்கம்.

1600-களின் தொடக்கத்தில் நாகசாகியிலும் ஹிராடோவிலும் போர்ச்சுகீசியர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் வியாபாரம் செய்தார்கள். பலர் ஜப்பானியப் பெண்களோடு குடும்பமாக வாழ்ந்தார்கள், பிள்ளைகளும் பிறந்தார்கள். கிறிஸ்தவத்தைத் தடைசெய்த ஷோகுன் ஆட்சி, பின்பு இந்தக் கலப்புக் குடும்பங்கள் மேலும் கைவைத்தது. போர்ச்சுகீசியரின் பிள்ளைகளை 1636-இல் மக்காவுக்கும், மற்றவர்களின் பிள்ளைகளையும் தாய்மாரையும் 1639-இல் ஜகதாராவுக்கும் நாடு கடத்தினார்கள். உங்களைப்போல ஜப்பானிலேயே பிறந்து, ஜப்பானிய மொழியிலேயே விளையாடிய பிள்ளைகள் அவர்கள். திரும்பி வரவே கூடாது என்பது கட்டளை. வெகுகாலத்துக்குப் பிறகு கடிதம் எழுத மட்டும் அனுமதி கிடைத்தது. கோஷோரோ என்ற பெண் எழுதிய ஒரு கடிதத்தை ஹிராடோவில் இன்றும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். அது தாளில் எழுதியது அல்ல; துணித் துண்டுகளை ஒன்றோடொன்று தைத்து அதன்மேல் எழுதியது.

அதற்குப்பின் 1641 முதல் ஒல்லாந்தருக்கு மட்டும் நாகசாகியில் டெஜிமா என்ற விசிறி வடிவச் செயற்கைத் தீவில் இடம் கொடுத்தார்கள். மொத்தப் பரப்பு சுமார் 15,000 சதுர மீட்டர். இருநூறு வருடங்களுக்கு மேல் ஐரோப்பியர் அங்கேதான் இருந்தார்கள். வியாபாரம் செய்யலாம், கணக்கு எழுதலாம். மனைவியைக் கூட்டிவரக் கூடாது.

1817 ஆகஸ்டில் ஒருவர் அதை மீறிப் பார்த்தார். டெஜிமாவின் புதிய தலைவராக வந்த யான் கொக் பிளொம்ஹொஃப், மனைவி தித்தியா பெர்க்ஸ்மாவையும், தளிர்நடை போடும் மகன் யொஹான்னஸையும், குழந்தைக்குச் செவிலித்தாயையும் கப்பலில் அழைத்து வந்துவிட்டார். நாகசாகி அதிகாரிகளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிளொம்ஹொஃப் விண்ணப்பம் கொடுத்தார். அது எதோவுக்கு, அதாவது இன்றைய தோக்கியோவுக்குப் போயிற்று. பதில் வரும்வரை தாயும் பிள்ளையும் தீவில் தங்கினார்கள். ஐரோப்பியப் பெண்ணைக் கண்டிராத நாகசாகி ஓவியர்கள் தித்தியாவை வரைந்து தள்ளினார்கள். கவஹாரா கெய்கா என்ற ஓவியர் குடும்பம் முழுவதையும் வரைந்திருக்கிறார். படங்கள் விற்றன, பொம்மைகள் செய்தார்கள். ஊர் முழுக்க அவரைப் பார்க்க ஆசைப்பட்டது; அரசாங்கம் மட்டும் "கூடாது" என்றது. டிசம்பரில் தாயும் மகனும் கப்பலேறினார்கள். கணவர் 1823 வரை டெஜிமாவிலேயே வேலை பார்த்தார். தித்தியா 1821-இல் ஒல்லாந்தில் இறந்துபோனார். இருவரும் மறுபடி ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை.

இந்தக் கதையை வாசித்த அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. 2011 மார்ச் நிலநடுக்கத்துக்குப் பிறகு நம் வீடுகளில் பல அம்மாக்களும் பிள்ளைகளும் ஊருக்குப் போனோம், அப்பாக்கள் இங்கே இருந்தார்கள், நினைவிருக்கிறதா? சில வாரங்கள்தான். அதற்கே எப்படித் தவித்தோம்!

1859-இல் யோகோஹாமா திறந்தது. அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்க மிஷனரி மருத்துவர் ஜேம்ஸ் ஹெப்பர்னும் மனைவி கிளாராவும் வந்து, பக்கத்து ஊரான கனகவாவில் ஜோபுத்சுஜி என்ற புத்தக் கோயிலில் குடியிருந்தார்கள். ஊரில் மூன்று மகன்களைச் சிறு வயதிலேயே இழந்தவர்கள். எஞ்சியிருந்த ஒரே மகன் சாமுவேலை அமெரிக்காவில் விட்டுவிட்டு வந்தார்கள். கிறிஸ்தவத் தடைப் பலகைகள் 1873-இல்தான் இறக்கப்பட்டன. அதுவரை அவர் வைத்தியம் பார்த்தார், சொற்களைச் சேகரித்தார். அவருடைய ஜப்பானிய-ஆங்கில அகராதி 1867-இல் வந்தது. ஸ்டேஷன் பலகைகளில் நீங்கள் பார்க்கும் ரோமன் எழுத்து முறை இன்றும் அவர் பெயரால்தான் வழங்குகிறது. கிளாரா அம்மா வீட்டிலேயே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். தன் பிள்ளையைத் தொலைவில் விட்ட ஒரு தாய், பிறர் பிள்ளைகளை உட்காரவைத்து ஆங்கிலம் கற்றுக்கொடுத்ததைத்தான் நான் யோசித்துப் பார்க்கிறேன். (ஐஸ்கிரீம் பிரியர்களுக்கு ஒரு செய்தி: 1869-இல் யோகோஹாமாவின் பஷாமிச்சித் தெருவில் மச்சிதா ஃபுசாசோ என்பவர் ஐஸ்கிரீம் விற்கத் தொடங்கினார்.)

இப்படிக் குடும்பங்கள் வர முடிந்தது. ஆனால் வந்தவரும் இந்நாட்டவரும் மணந்தால் என்ன ஆகும்? 1890-இல் வந்த எழுத்தாளர் லஃப்காதியோ ஹெர்ன், மத்சுவே ஊரில் கொய்சுமி செத்சு அம்மாவை மணந்தார். அன்றைய சட்டப்படி வெளிநாட்டவரை மணக்கும் ஜப்பானியப் பெண் தன் குடியுரிமையை இழப்பாள். ஆகவே 1896-இல் ஹெர்ன் தாமே மனைவியின் குடும்பத்தில் சேர்ந்து, கொய்சுமி யகுமோ என்று பெயர் மாற்றி ஜப்பானியர் ஆனார். வீட்டில் என்ன பேசினார்கள் தெரியுமா? அவருக்கு ஜப்பானிய மொழி அரைகுறை. அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. வினைச்சொல்லின் வால்களையெல்லாம் நறுக்கிவிட்டு ஒரு மொழியை இருவருமாக உண்டாக்கிக்கொண்டார்கள். "ஹெருன்-சான் கொதொபா", அதாவது ஹெர்ன் ஐயாவின் பேச்சு என்று அதற்குப் பெயரே இருக்கிறது. செத்சு அம்மா அந்தப் பேச்சில் சொன்ன பேய்க்கதைகள்தான் உலகம் வாசிக்கும் புத்தகமாயின. "அம்மா, உங்க ஜப்பானீஸ் ஹென்!" என்று சிரிக்கும் என் மகளுக்கு இதைச் சொல்லிவைத்தேன்.

தாய் ஜப்பானியராக இருந்தாலும் பிள்ளைக்குக் குடியுரிமை உண்டு என்ற சட்டம் 1985-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதுவரை அப்பாவின் வழியே எல்லாம்.

நம் தமிழ்க் குடும்பங்களின் கதை இதற்குப் பிந்தியது. 1990-களின் கடைசியில், கணினிகளில் 2000-ஆம் ஆண்டுப் பிரச்சினை வந்தபோது, மென்பொருள் வேலைக்காக இந்தியர்கள் தோக்கியோ வந்தார்கள். தோசாய் ரயிலில் ஏறினால் நேரே ஓதேமாச்சி அலுவலகங்கள்; நன்கொடைப் பணமும் ஜாமீன்தாரரும் கேட்காத யூஆர் அடுக்குமாடி வீடுகள். இவை இரண்டும் சேர்ந்து நிஷி-கசாயை நம் பேட்டை ஆக்கின. முதலில் தனி ஆண்கள், பிறகு மனைவிமார், பிறகு பிள்ளைகள், அதன்பிறகு 2004-இல் முதல் இந்தியப் பள்ளி. நான் 2008-இல் கைக்குழந்தையோடு வந்தேன். என் நர்ஸ் சான்றிதழ் இங்கே செல்லாது. ஜப்பானிய மொழியில் தேசியத் தேர்வு எழுத வேண்டும். எழுதவில்லை, இரண்டு பிள்ளைகளோடு நேரமும் இல்லை. ஆனாலும் நம் சகோதரிகளோடு பிரசவப் பரிசோதனைகளுக்குத் துணையாகப் போய்வருகிறேன். அங்கே தருகிற போஷி தெச்சோ, தாய்சேய் கையேடு, 1948 முதல் இந்நாட்டில் வழங்கப்பட்டு வருவது. எடை, தடுப்பூசி, பல் எல்லாம் ஒரே சிறு நூலில். வெளிநாட்டுத் தாய்க்கும் அதே நூல்தான். தயவுசெய்து ஊருக்குப் போகும்போது அதைத் தூக்கி எறியாதீர்கள். வேறு நாட்டு மருத்துவருக்கும் அது உதவும்.

ஆனால் வார்டு அலுவலகத்தில் நாம் வெகுநாள் குடும்பமாக இல்லை. ஜப்பானியக் குடும்பத்துக்கு ஜூமின்ஹியோ என்ற குடியிருப்புப் பதிவு இருந்தது. வெளிநாட்டவருக்கோ தனியாக அந்நியர் பதிவு, ஆளுக்கு ஓர் அட்டை. ஜப்பானியரை மணந்தவர்கூட அவர்கள் வீட்டுப் பதிவில் சேரவில்லை. இதில் ஒரு வேடிக்கை நடந்தது. 2002-இல் தாமா ஆற்றில் ஒரு தாடிவைத்த கடல்நாய் வந்தது. தாமா-சான் என்று பெயர் வைத்துக் கொண்டாடினார்கள். 2003-இல் யோகோஹாமாவில் ஒரு வார்டு அந்தக் கடல்நாய்க்கு அன்பளிப்பாக ஜூமின்ஹியோ கொடுத்துவிட்டது! பல வருடம் வரி கட்டிய வெளிநாட்டவர் சிலர் முகத்தில் மீசை வரைந்துகொண்டு, எங்களுக்கும் கொடுங்கள் என்று தெருவில் இறங்கினார்கள்.

2012 ஜூலை 9-ஆம் தேதி சட்டம் மாறியது. அதற்குப்பின் பள்ளி விஷயமாக நான் ஜூமின்ஹியோ வாங்கப் போனேன். கவுன்டரில் ஒரு தாள் தந்தார்கள். அதில் என் கணவர், நான், பிள்ளைகள் இருவர், நான்கு பெயரும் ஒன்றன்கீழ் ஒன்றாக. கட்டணம் கொடுக்க மறந்து அங்கேயே நின்றுவிட்டேன்.

தித்தியாவின் கதை முடிந்துவிட்டது என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். 2019 ஏப்ரலில் தொடங்கிய தொகுதெய் கினோ விசாவின் முதல் வகையில் வருகிறவர்கள் கணவனையோ மனைவியையோ பிள்ளையையோ கூட்டிவர முடியாது. முதியோர் பராமரிப்பு வேலைக்கு அப்படி வந்த சகோதரிகள் நம் ஆராதனையில் உங்கள் பக்கத்து நாற்காலியில் இருக்கிறார்கள். ஒருவருக்குத் திருநெல்வேலியில் நான்கு வயது மகள். ஆராதனை முடிந்ததும் அவர் படிக்கட்டில் போனோடு உட்கார்ந்திருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு வழி உண்டு: மூன்று வருடம் வேலை செய்தபின் பராமரிப்பாளர் தேசியத் தேர்வில் தேறினால், வேறு விசா கிடைக்கும், அதில் குடும்பம் வரலாம். தேர்வு ஜப்பானிய மொழியில்.

வரும் ஜனவரியில் அவர் எழுதுகிறார். வியாழக்கிழமை மாலைகளில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் படிக்கிறோம். படுக்கைப் புண்ணைப் பற்றி நான் ஒரு மணி நேரம் பேசுவேன். ஆனால் "ஜொகுசோ" என்று அதற்குரிய கன்ஜியை எழுத எனக்கும் வராது. என் மகள்தான் எழுதிக் காட்டுகிறாள். "அக்கா, இன்னொரு தரம்" என்கிறார் அவர். நாங்கள் இருவரும் மறுபடி எழுதிப் பார்க்கிறோம்.