சுருள்முடியும் தண்ணீரும்: ஓர் அமெரிக்க வரலாறு

ஒரு மயிரிழையை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் அது வழவழப்பான கம்பியாகத் தெரிவதில்லை. நாட்டு ஓடு வேய்ந்த கூரையைப் போல, வேரிலிருந்து நுனியை நோக்கி ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்த செதில்கள் அதை மூடியிருக்கின்றன. ஓடுகள் நெருங்கிப் படிந்திருந்தால் மழைநீர் வழிந்தோடிவிடும். அவை விலகியும் உடைந்தும் இருந்தால் நீர் உள்ளே இறங்கும்; வெயில் அடித்ததும் அதே விரிசல்கள் வழியே ஆவியாகி வெளியேறும். நீரை ஏற்பதும் இழப்பதுமாகிய இந்த இயல்பைத்தான் 'போராசிட்டி' என்கிறார்கள். நுண்துளைத்தன்மை என்பது நம் பாடநூல் வழக்கு. மண்ணுக்கும் பாறைக்கும் பொருந்திய அச்சொல் முடிக்கு அவ்வளவாகப் பொருந்தவில்லை என்றாலும், வேறு நல்ல சொல் கிடைக்கும்வரை அதையே வைத்துக்கொள்வோம்.

இச்சொல் பயணித்த பாதை விசித்திரமானது. இருபதாம் நூற்றாண்டின் அழகுக்கலைப் பாடநூல்களில் அது ஒரு கேள்விக்கான விடையாக இருந்தது: முடியைச் சுருட்டவோ நேராக்கவோ பூசும் இரசாயனம் எவ்வளவு விரைவில் உள்ளே இறங்கும்? இருபத்தோராம் நூற்றாண்டில், அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் சமையலறைகளிலும் குளியலறைகளிலும் அதே சொல் வேறொரு கேள்விக்கு விடையாயிற்று: உள்ளே போன தண்ணீரை எப்படித் தக்கவைப்பது? முதல் கேள்வியிலிருந்து இரண்டாவதற்கு வந்து சேர்ந்த கதையை நாம் புரிந்துகொள்ள, முதலில் சுருள்முடியின் உடற்கூற்றைக் கொஞ்சம் பார்த்தாக வேண்டும்.

சுருள்முடி வளைந்த மயிர்க்கால்களிலிருந்து முளைக்கிறது. அதன் குறுக்குவெட்டு வட்டமாக அன்றி நீள்வட்டமாக இருக்கும். உச்சந்தலையில் சுரக்கும் இயற்கை எண்ணெய் நேரான முடியில் எளிதாக நுனிவரை வழிந்து செல்கிறது. சுருளில் ஒவ்வொரு திருப்பத்திலும் தடைபடுகிறது. அந்தத் திருப்பங்களிலேயே செதில்கள் எளிதில் உயர்கின்றன, இழையும் எளிதில் முறிகிறது. இறுகச் சுருண்ட முடி உலர்ந்து தோன்றுவதற்கு இதுவே காரணம். 'முரட்டு முடி', 'கெட்ட முடி' என்றெல்லாம் அமெரிக்கச் சமூகம் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சூட்டிவந்த பெயர்களுக்கு உடற்கூற்றில் எந்த ஆதாரமும் இல்லை. இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். சுருளும் நுண்துளைத்தன்மையும் ஒன்றல்ல. சாயமும் வெளுப்பானும் ஏறிய நேரான முடி, எதுவும் படாத இறுகிய சுருள்முடியைவிட மிகுதியாக நீரை உறிஞ்சும். ஒரே தலையில் கூட வேருக்கும் நுனிக்கும் வேறுபாடு உண்டு. முடி மாதத்திற்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது என்று கொண்டால், ஓர் அடி நீள முடியின் நுனி இரண்டரை ஆண்டு வெயிலையும் சோப்பையும் சீப்பையும் கண்டது.

அமெரிக்காவில் இந்த முடியின்மேல் அதிகாரம் முதலில் கைவைத்தது துணியைக் கொண்டு. 1786-ல் லூசியானா அப்போது ஸ்பெயினின் ஆட்சியில் இருந்தது. ஆளுநர் எஸ்தேபான் மீரோ, அடிமைத்தளையில் இல்லாத கறுப்பின, கலப்பினப் பெண்கள் தங்கள் கூந்தலை அலங்கரித்து வெளியே காட்டலாகாது, துணியால் கட்டி மறைக்க வேண்டும் என்று ஆணையிட்டார். நியூ ஆர்லியன்ஸ் பெண்கள் ஆணைக்குக் கீழ்ப்படிந்தார்கள்; ஆனால் கட்டிய துணியைப் பட்டாகவும் வண்ணமாகவும், கட்டும் முறையை ஒரு கலையாகவும் ஆக்கிவிட்டார்கள். மறைப்பதற்கு வந்த துணி அணிகலனாயிற்று.

தோட்டங்களில் அடிமைப்படுத்தப்பட்டவர்களுக்கு இந்த வசதிகூட இல்லை. 1936 முதல் 1938 வரை, அடிமை முறையில் பிறந்து அப்போது முதுமையடைந்திருந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் நினைவுகளை அமெரிக்க அரசின் எழுத்தாளர் திட்டம் பதிவு செய்தது. அந்தப் பதிவுகளில் முடியைப் பற்றிய செய்திகள் ஆங்காங்கே சிதறிக் கிடக்கின்றன. வாரத்தில் ஓய்வு என்பதே ஞாயிறு மட்டும். ஆகவே ஞாயிறுதான் தலை வாரும் நாள். சீப்பு கிடையாது. பஞ்சையும் ஆட்டு உரோமத்தையும் சிக்கெடுக்கும் கம்பிப்பல் பலகையால் தலையை வாரினார்கள். கிடைத்த கொழுப்பைத் தடவினார்கள். முடியைப் பகுதி பகுதியாகப் பிரித்து நூலால் சுற்றி, வாரம் முழுவதும் தலைத்துணிக்குள் வைத்திருந்தார்கள். வறுமை கற்பித்த வழிகள்தாம் இவை. கம்பிப் பலகை செதில்களுக்கு நல்லதும் அல்ல. ஆனாலும் பகுதியாகப் பிரிப்பது, எண்ணெய்ப் பசையால் ஈரத்தை அடைப்பது, பின்னிக் கட்டிக் காற்றிலிருந்தும் உராய்விலிருந்தும் காப்பது ஆகிய மூன்றும் இன்றைய முடியியல் நூல்கள் சுருள்முடிக்குப் பரிந்துரைப்பவையே என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

விடுதலைக்குப் பிறகு வந்தது சந்தை. 1867-ல் லூசியானாவின் டெல்டா என்ற ஊரில், அடிமைகளாக இருந்த பெற்றோருக்குச் சுதந்திரப் பிறவியாகப் பிறந்தவர் சாரா பிரீட்லவ். ஏழு வயதில் அநாதை, பதினான்கில் மனைவி, இருபதில் கைம்பெண். செயின்ட் லூயிஸ் நகரில் துணி வெளுத்துப் பிழைத்த அவருக்கு முடி கொட்டத் தொடங்கியது. அக்காலத்து ஏழைக் குடியிருப்புகளில் குழாய் நீர் அரிது. தலை குளிப்பது அரிதினும் அரிது. உச்சந்தலை நோய்கள் சாதாரணம். அன்னி டர்ன்போ மலோன் என்ற கறுப்பினப் பெண்மணி 'போரோ' என்ற பெயரில் விற்றுவந்த தலைமருந்துகளைச் சாரா சில காலம் வீடுவீடாக விற்றார். (போராசிட்டிக்கும் போரோவுக்கும் உள்ள ஒலி ஒற்றுமையில் மயங்கிவிடக் கூடாது; இரண்டுக்கும் தொடர்பில்லை.) பின்பு 1906-ல் சார்லஸ் ஜோசப் வாக்கரை மணந்து, மேடம் சி. ஜே. வாக்கர் என்ற பெயரில் சொந்தத் தயாரிப்பைத் தொடங்கினார். 1919-ல் அவர் மறைந்தபோது அமெரிக்காவின் பெருஞ்செல்வர்களான பெண்களில் ஒருவராக இருந்தார்.

வாக்கரைப் பற்றிச் சொல்லப்படுவதில் பாதி தவறு. சூடேற்றிய சீப்பை அவர் கண்டுபிடிக்கவில்லை. அவருக்கு முன்பே அது ஐரோப்பாவில் புழங்கியது. தம்மை முடி நேராக்குபவர் என்று அழைப்பதையும் அவர் மறுத்துவந்தார். அவருடைய களிம்பில் முக்கியமாக இருந்தவை கந்தகமும் பெட்ரோலிய மெழுகும். அதைவிட முக்கியமாக, அடிக்கடி தலை குளிக்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். நம் பார்வையில் அவர் விற்ற மிகச் சிறந்த பொருள் அந்த அறிவுரைதான். அதனுடன் சூட்டுச் சீப்பையும் சேர்த்தே விற்றார் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஈர மூட்டத்தில் ஒரு மணி நேரம் நின்றால் சீப்பின் வேலை கலைந்து சுருள் திரும்பிவிடும். தண்ணீர் இங்கே பகையாயிற்று. மழையைக் கண்டால் தலையைப் பொத்திக்கொண்டு ஓடுவதும், நீச்சல் குளத்துப் பக்கம் போகாதிருப்பதும் பல தலைமுறைப் பெண்களின் பழக்கமாயின.

சூட்டுச் சீப்பு செய்யாததைக் காரம் செய்தது. கிளீவ்லாண்டில் தையல் இயந்திரங்களைப் பழுது பார்த்துவந்த காரட் மார்கன், ஊசியின் உராய்வைக் குறைக்க ஒரு திரவம் தயாரிக்கப் போய், அது கம்பளி இழைகளை நேராக்குவதைக் கண்டதாகச் சொல்லப்படுகிறது. 1913-ல் அவர் அதை விற்க ஒரு நிறுவனம் தொடங்கினார். (புகையிலிருந்து காக்கும் முகக்கவசத்துக்கும் போக்குவரத்து சைகைக் கருவிக்கும் காப்புரிமை பெற்றவரும் இவரே.) பின்னர் சோடியம் ஹைட்ராக்சைடு, அதாவது கழிவுநீர்க் குழாய் அடைப்பை நீக்கப் பயன்படும் அதே காரம், வீடுகளிலும் முடிதிருத்தகங்களிலும் புகுந்தது. உருளைக்கிழங்கும் முட்டையும் காரமும் சேர்த்த கலவையை இளமையில் தலையில் பூசிக்கொண்டு எரிச்சலில் துடித்ததை மால்கம் எக்ஸ் 1965-ல் வெளிவந்த தன்வரலாற்றில் விவரிக்கிறார். தன்னைத் தானே இழிவுபடுத்திக்கொண்ட முதல் பெரிய செயலாக அதைக் கருதுகிறார்.

அந்தக் காரம் என்ன செய்கிறது? செதில்களை உயர்த்தி உள்ளே நுழைகிறது. கெரட்டின் புரதச் சங்கிலிகளைக் குறுக்கே பிணைத்திருக்கும் கந்தகப் பாலங்களை உடைக்கிறது. பாலம் போனால் சுருளும் போயிற்று. அந்த இழையில் அது திரும்பாது. ஆனால் உயர்ந்த செதில்கள் பழையபடி படிவதில்லை. கூரை பிரிந்த வீடாகிறது இழை. சில வாரங்களில் வேரில் புதிய சுருள் முளைக்க, மறுபடியும் காரம், மறுபடியும் உடைவு. அழகுக்கலைப் பள்ளிகள் நுண்துளைத்தன்மையைச் சோதிக்கக் கற்பித்தது இந்தக் கட்டத்தில்தான். ஏற்கெனவே பழுதுபட்ட முடி மருந்தை வேகமாகக் குடித்துவிடும். ஆகவே வீரியத்தைக் குறை, நேரத்தைக் குறை என்பது பாடம். பழுதே ஏன் என்று அந்தப் பாடநூல் கேட்கவில்லை.

கேட்டவர்கள் 1960-களின் இளைஞர்கள். வளர்ந்தபடியே விட்ட 'ஆப்ரோ' ஒரு அரசியல் அறிவிப்பாயிற்று. 1976-ல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம், ஆப்ரோவுக்காகப் பதவி உயர்வு மறுக்கப்பட்டதாகச் சொன்ன பெண்ணின் புகாரை இனப்பாகுபாட்டுப் புகாராகவே ஏற்றது. ஆனால் 1981-ல், தலையை ஒட்டிப் பின்னிய சடைகளை அணியக் கூடாதென்ற அமெரிக்கன் ஏர்லைன்ஸின் விதியை எதிர்த்து ரெனி ரோஜர்ஸ் தொடுத்த வழக்கில், நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் வேறொரு கோட்டைக் கிழித்தது. ஆப்ரோ இயற்கையானது, பின்னல் செயற்கையானது, ஆகவே மாற்றிக்கொள்ளத்தக்கது என்றது. இறுகச் சுருண்ட முடிக்குப் பின்னல் அலங்காரம் மட்டுமன்று, முறியாமல் காக்கும் உறையும்கூட என்பது தீர்ப்பில் இடம்பெறவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நூல் சுற்றிய கிழவிகள் அறிந்திருந்ததை நீதிமன்றம் அறியவில்லை.

காரத்தை விட்டவர்கள் எல்லாரும் தம் முடிக்குத் திரும்பவில்லை. பலர் பிறர் முடிக்குச் சென்றனர். இவ்விடத்தில் நம் ஊரும் கதைக்குள் வருகிறது. திருமலையில் மொட்டையடித்துக்கொள்ளும் பக்தர்களின் முடி ஏலம் போய், பெருமளவு சென்னை வழியாக ஏற்றுமதியாகிறது. கிறிஸ் ராக் 2009-ல் வெளியிட்ட ஆவணப்படம் இந்தப் பாதையைப் பின்தொடர்ந்தது. வணிகர்கள் கோயில் முடிக்கு ஏன் அதிக விலை தருகிறார்கள்? அங்கே முடி ஒரே வீச்சில் மழிக்கப்படுவதால், வேர்ப்பக்கம் வேர்ப்பக்கமாகவும் நுனி நுனியாகவும் சேர்த்துக் கட்ட முடிகிறது, செதில்கள் எல்லாம் ஒரே திசையைப் பார்க்கின்றன, சிக்கு விழுவதில்லை. 'ரெமி' என்ற வணிகப் பெயரின் பொருள் அவ்வளவுதான். சீப்பில் உதிர்ந்து சேர்த்த முடியாக இருந்தால் திசை கலைந்திருக்கும். அமிலத்தில் முக்கிச் செதில்களையே கரைத்து, சிலிகோன் பூசி மினுக்குவார்கள். பழனியிலும் சமயபுரத்திலும் முடி இறக்கும் நாம், அந்தச் செதில்களுக்கு உலகச் சந்தையில் ஒரு விலை இருப்பதை எண்ணிப் பார்த்ததில்லை.

2000-க்குப் பின் காரத்தை அறவே கைவிட்ட பெண்களின் எண்ணிக்கை பெருகியது. பழைய முடியை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக முளைப்பதை அவர்கள் முதன்முறையாகப் பார்த்தார்கள். தாய்மாருக்கும் அதைப் பராமரிக்கத் தெரிந்திருக்கவில்லை. ஆகவே அறிவியல் சொற்களைத் தாங்களே தேடி எடுத்தார்கள். செதில் இறுகிய முடியில் நீர் முத்தாக நிற்கும், பூசியதெல்லாம் மேலேயே தங்கும். அதற்கு இளஞ்சூடும் இலேசான திரவங்களும் போதும். செதில் விரிந்த முடி உடனே குடித்து உடனே உலரும். அதற்கு முதலில் நீர், அதன்மேல் கெட்டியான எண்ணெய், இரவில் வழவழப்பான துணி. ஈரத்தில், கண்டிஷனர் தடவி, விரலாலோ அகலப் பல் சீப்பாலோ நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுக்க வேண்டும். இவற்றில் பெரும்பகுதி நியாயமானது. ஆனால் உதிர்ந்த முடியைத் தம்ளர் நீரில் போட்டு அது மிதக்கிறதா மூழ்குகிறதா என்று பார்க்கும் பிரபலமான சோதனையை நாம் நம்பவில்லை. நீரின் பரப்பு இழுவிசையும் முடியில் ஒட்டிய எண்ணெயும் முடிவை மாற்றிவிடும். தலை குளித்தபின் முடி எவ்வளவு நேரத்தில் நனைகிறது, எவ்வளவு நேரத்தில் உலர்கிறது என்று கவனிப்பதே மேல்.

நம் பாட்டிமாருக்கு மகிழ்ச்சி தரும் செய்தியும் உண்டு. 2003-ல் மும்பையில் செய்யப்பட்ட ஆய்வொன்று, தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டு, முடியின் புரத இழப்பைக் குறைப்பது தேங்காய் எண்ணெய் மட்டுமே என்று கண்டது. அதன் லாரிக் அமில மூலக்கூறு சிறியதும் நேரானதுமாக இருப்பதால் இழைக்குள் புகுகிறதாம். ஆய்வு நடந்தது தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் என்பதையும் வாசகர் நினைவில் கொள்ளட்டும்.

2022 அக்டோபரில் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள், 33,497 பெண்களை ஏறத்தாழ 11 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வின் முடிவை வெளியிட்டார்கள். நேராக்க மருந்தையே பயன்படுத்தாத பெண்களில் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரக்கூடியவர்கள் 1.64 சதவீதம், அடிக்கடி பயன்படுத்தியவர்களில் 4.05 சதவீதம். இது தொடர்பைக் காட்டுகிறதே தவிரக் காரணத்தை நிறுவிவிடவில்லை. ஆனால் மருந்தைப் பயன்படுத்தியதாகச் சொன்னவர்களில் சுமார் 60 சதவீதம் பேர் கறுப்பினப் பெண்கள் என்பதில் ஐயமில்லை. 2023 அக்டோபரில் அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம், ஃபார்மால்டிஹைடு கலந்த நேராக்கிகளைத் தடைசெய்ய விதி கொண்டுவரப்போவதாகத் தெரிவித்தது. 2024 ஏப்ரல் என்று குறித்த முதல் கெடு, வரைவு வெளிவராமலே கடந்தது.

சட்டத்தின் பக்கம், 2019 ஜூலையில் கலிபோர்னியா முதல் மாநிலமாக, முடியின் இயல்பையும் பின்னல், சடை முதலிய அமைப்புகளையும் இனப்பாகுபாட்டுக்கு எதிரான பாதுகாப்புக்குள் கொண்டுவந்தது. வேறு பல மாநிலங்களும் பின்தொடர்ந்தன. டெக்சாஸ் சட்டம் 2023 செப்டம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய நாள், சடைமுடியைத் தலைமேல் முடிந்திருந்த கறுப்பின மாணவர் ஒருவர், அவிழ்த்துவிட்டால் அது புருவத்துக்கும் காதுமடலுக்கும் கீழே வரும் என்ற காரணத்தால் வகுப்பிலிருந்து விலக்கப்பட்டார். சட்டம் முடியின் அமைப்பைத்தான் காக்கிறது, நீளத்தை அல்ல என்பது பள்ளி நிர்வாகத்தின் வாதம். 2024 பிப்ரவரியில் நீதிபதி அதை ஏற்றுக்கொண்டார்.