வாவிக்கரை கேட்ட பங்கு

மட்டக்களப்பு வாவி ஒரு நாட்டை இரு கரைகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஞாயிறு எழும் பக்கம் எழுவான்கரை. படும் பக்கம் படுவான்கரை. நெல்வயல்கள் விரிந்து கிடப்பது படுவான்கரையில். குடிநெருக்கமும் கடைத்தெருவும் எழுவான்கரையில். இந்நாட்டுக் கோயில்களை நிருவகிக்கும் வண்ணக்கர் பதவி குடிகளின் உரிமையாய் வருவது. எந்தக் குடிக்கு எந்த முறை என்பதில் பிணக்கு நேர்ந்தால் அஃது எளிதில் ஆறுவதில்லை. ஆகவே பங்கு என்னும் சொல்லுக்கு இங்கே எடை மிகுதி. இலங்கைத் தமிழரசுக் கட்சியின் தலைமைப் போட்டியை ஆராயப் புகுவோர் இதனை மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

1949 ஆம் ஆண்டு டிசம்பர் 18 ஆம் நாள் கொழும்பு மருதானையில் அக்கட்சி தோன்றியது. அதன் முதல் தலைவர் சா. ஜே. வே. செல்வநாயகம். பின்னர்ப் பிறரும் தலைவர் பதவியை வகித்தனர். எனினும் யார் தலைவராயிருந்தாலும் கட்சியின் தந்தை அவரே என்பதில் எவருக்கும் ஐயமில்லை. அத்தகைய பெரியவர் ஒருவர் வீட்டில் இருக்கும்வரை, பதவிகளைப் பங்கிடுவது தொல்லையான காரியமன்று. 1960 முதல் 1970 வரை பட்டிருப்புத் தொகுதியின் உறுப்பினராயிருந்த சி. மூ. இராசமாணிக்கம் கட்சித் தலைவராகவும் விளங்கினார். வாவிக்கரை மனிதர் ஒருவர் தலைவராவது அக்காலத்தில் வியப்பாகக் கருதப்படவில்லை.

வியப்பும் கசப்பும் பின்னரே வந்தன. 1977 ஆம் ஆண்டு ஏப்ரல் 26 இல் செல்வநாயகம் காலமானார். அதற்குள் தமிழரசுக் கட்சி தமிழர் விடுதலைக் கூட்டணியின் உறுப்பாகிவிட்டிருந்தது. கூட்டணியை நடத்திச் செல்லும் பொறுப்பு அ. அமிர்தலிங்கத்தின் கைக்கு வந்தது. மட்டக்களப்பின் செல்லையா இராசதுரையும் அமிர்தலிங்கமும் 1956 இல் ஒன்றாகவே நாடாளுமன்றம் புகுந்தவர்கள். அமிர்தலிங்கம் 1970 இல் வட்டுக்கோட்டையில் தோற்றார். இராசதுரையோ ஒருமுறையேனும் தோற்றவரல்லர். ‘சொல்லின் செல்வர்’ என்று மக்கள் அழைத்த அவருக்குத் தலைமையில் உரிய இடம் கிடைக்கவில்லை என்ற மனக்குறை மட்டக்களப்பில் வளர்ந்தது.

அக்குறையைப் பெரும் புண்ணாக்கியது 1977 யூலைத் தேர்தல். மட்டக்களப்பு அந்நாளில் இரட்டை உறுப்பினர் தொகுதி. தமிழரும் முசுலிம்களும் அருகருகே வாழும் நிலத்தில் இரு சாராருக்கும் இடம் கிடைக்க வகை செய்த ஏற்பாடு அது. அங்கே கூட்டணியின் உதயசூரியன் சின்னத்தில் இராசதுரை நிற்க, தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்தில் கவிஞர் காசி ஆனந்தனும் நிறுத்தப்பட்டார். இரண்டு ஆசனங்களையும் வெல்லும் எண்ணமே அதற்குக் காரணமென்று கட்சியினர் கூறினர். தம்மை வீழ்த்தும் எண்ணமென்று இராசதுரையின் அன்பர்கள் கொண்டனர். இராசதுரை வென்றார், கவிஞர் தோற்றார். 1979 மார்ச்சில் இராசதுரை அரசாங்கக் கட்சியிற் சேர்ந்து அமைச்சரானார். தனிநாட்டுக்கு ஆணை கேட்டு வென்றவர் இரண்டு ஆண்டுகளுக்குள் ஆளுங்கட்சி வரிசையில் அமர்ந்ததை நியாயப்படுத்துவது கடினம். துரோகி என்ற சொல் அவர்மீது வீசப்பட்டது. சொல்லை வீசுதல் எளிது. அவர் எழுப்பிய பங்குக் கேள்விக்கு விடை கூறியவர்தாம் எவருமில்லை.

அதன்பின் முப்பதாண்டுப் போர் வந்தது. வீட்டுச் சின்னம் நெடுங்காலம் ஒதுங்கிக் கிடந்தது. கூட்டணிக்குள் வீ. ஆனந்தசங்கரியோடு எழுந்த பிணக்கினால் உதயசூரியனைப் பயன்படுத்த இயலாமற்போக, 2004 தேர்தலில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு வீட்டையே மீண்டும் கையில் எடுத்தது. ஒரு தலைமைச் சண்டையே பழைய வீட்டைத் திறந்து வைத்தது எனலாம். இரா. சம்பந்தனுக்குப் பின் 2014 இல் மாவை சேனாதிராசா தலைவரானார்.

அவருக்கு அடுத்தவர் யார் என்ற வினா எழுந்தபோது மூவர் முன்வந்தனர்: சி. சிறீதரன், ம. ஆ. சுமந்திரன், மட்டக்களப்பின் சீ. யோகேசுவரன். யோகேசுவரன் ஒதுங்கிச் சிறீதரனை ஆதரிக்க, 2024 ஜனவரி 21 இல் திருகோணமலையில் பொதுச்சபை வாக்களித்தது. சிறீதரன் 184, சுமந்திரன் 137. கட்சியின் எழுபத்து நான்கு ஆண்டு வாழ்வில் தலைமைக்கு இவ்வாறு வாக்கெடுப்பு நடப்பது இதுவே முதன்முறை என்று பேசப்பட்டது. தோற்றவர் வென்றவரை வாழ்த்தினார். அந்த மாலையோடு யாவும் முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. தலைவர் வடக்கிலிருந்து வந்தால் பொதுச் செயலாளர் கிழக்கிலிருந்து வருதல் முறையென்று கருதப்பட்டது. ஆனால் கிழக்கு என்பது ஒன்றா? திருகோணமலையின் ச. குகதாசன் பெயரை ஒரு சாரார் முன்வைத்தனர், மட்டக்களப்பின் ஞா. சிறீநேசனே தகுந்தவர் என்றனர் மற்றொரு சாரார். தலைவர் தேர்தலை அமைதியாய் நடத்திய அதே பொதுச்சபை, ஒரு கிழமைக்குள் செயலாளர் பதவியில் இடறி விழுந்தது. மறுநாள் நடக்கவிருந்த தேசிய மாநாடு ஒத்திவைக்கப்பட்டது. பெப்ரவரியில் வழக்கு நீதிமன்றம் ஏறியது. மாநாட்டுக்கு இடைக்காலத் தடை வந்தது. பொதுச்சபைக்கு ஆட்களைச் சேர்த்த விதம் கட்சி யாப்புக்கு ஒத்ததா என்பதே வழக்கின் கரு. வாக்குப் பெட்டியை ஏற்ற கட்சி, வாக்காளர் பட்டியலை முன்னரே சீர்செய்யவில்லை. நோய் அங்கேதான் இருந்தது. வாக்கெடுப்பின்மீது பழி போடுதல் பொருந்தாது.

வென்றும் ஆசனத்தில் அமர இயலாத தலைவரைத் தமிழ் மக்கள் முன்னரும் கேள்வியுற்றதுண்டு. 1939 இல் இந்தியக் காங்கிரசின் தலைவர் தேர்தலில் சுபாசு சந்திர போசு 1580 வாக்குகளும் பட்டாபி சீதாராமையா 1377 வாக்குகளும் பெற்றனர். காந்தியடிகளின் அன்பர்கள் ஒத்துழையாமையால் போசு செயற்குழு அமைக்க இயலாது ஏப்ரலிற் பதவி துறந்தார். அங்கே தடுத்தது ஒரு பெரியவரின் செல்வாக்கு. இங்கே பெரியவர் எவரும் இல்லாமையே தடையாயிற்று. சம்பந்தனும் 2024 யூன் 30 இல் மறைந்தார்.

அவ்வாண்டுச் செப்டெம்பரில் சனாதிபதித் தேர்தல் வந்தபோது பிளவு வெளிப்படையாயிற்று. மட்டக்களப்பின் முன்னாள் உறுப்பினர் பா. அரியநேத்திரன் தமிழ்ப் பொதுவேட்பாளராக நின்று 2,26,343 வாக்குகள் பெற்றார். சிறீதரன் அவர் பக்கம் நின்றார்; கட்சியின் மத்திய குழுவோ சஜித் பிரேமதாசாவை ஆதரிக்கத் தீர்மானித்தது.

இத்தனைக்கும் பின் நவம்பர் 14 இல் நாடாளுமன்றத் தேர்தல் நடைபெற்றது. தேசிய மக்கள் சக்தியின் அலை யாழ்ப்பாணத்தையும் அள்ளிச் சென்றது. அங்கே தமிழரசுக் கட்சிக்கு எஞ்சியது சிறீதரனின் ஓர் ஆசனமே. சுமந்திரன் தோல்வியுற்றார். இலங்கை முழுவதிலும் அவ்வலைக்குத் தலைவணங்காத மாவட்டம் ஒன்றே ஒன்று, அது மட்டக்களப்பு. ஐந்து ஆசனங்களில் மூன்றை வாவிக்கரை வீட்டுச் சின்னத்திற்கு அளித்தது. வென்ற மூவரில் ஒருவர் இராசமாணிக்கத்தின் பேரர் சாணக்கியன், மற்றொருவர் செயலாளர் பதவி கிட்டாத சிறீநேசன், மூன்றாமவர் இ. சிறீநாத். திருகோணமலையில் குகதாசனும் வென்றார்.

டிசம்பரில் சி. வீ. கே. சிவஞானம் பதில் தலைவரானார். 2025 ஜனவரி 29 இல் மாவை சேனாதிராசா காலமானார். அடுத்த மாதம் சுமந்திரன் பதில் பொதுச் செயலாளரானார். நாடாளுமன்றத்திற்குக் கட்சி அனுப்பிய எண்மருள் மூவரை வாவிக்கரை தந்திருந்தது; தலைவர், செயலாளர் என்னும் இரு பதவிகளில் ஒன்றேனும் அப்போதும் அதன் பங்கிற்கு வரவில்லை.