எந்தப் பட்டியலில் அவள் பெயர்?

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தபோது, கண்டியிலிருந்த மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியத் தலைமையகம் ஒரு மீட்புத் திட்டத்தை அவசரமாகச் செயலுக்குக் கொண்டுவந்தது. நேச நாட்டுப் போர்க்கைதிகளையும் சிறைவைக்கப்பட்ட குடிமக்களையும் மீட்பதற்கான அந்த அமைப்பின் சுருக்கப் பெயர் 'ராப்வி'. முகாமிலேயே இருங்கள் என்ற துண்டறிக்கைகளை விமானங்கள் வீசின. உணவும் மருந்தும் பாராசூட்டில் இறங்கின. தொடர்புக் குழுக்கள் முகாம்களுக்குள் போய், இருப்பவர்களைப் பதிவுசெய்தன.

அப்படி மீட்கப்பட்டவர்களில் சிங்கப்பூரில் அடைபட்டிருந்த ஐரோப்பியப் பெண்களும் அடக்கம். 1942இல் சாங்கிச் சிறையில் அவர்கள் துணித்துண்டுகளில் தம் பெயரைத் தைத்து, மூன்று ஒட்டுப் போர்வைகள் செய்தார்கள். பிரிக்கப்பட்ட கணவருக்கு, நான் உயிரோடிருக்கிறேன் என்று சொல்ல அதுவே வழியாக இருந்தது. அவை இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. அப்பெண்களின் துயரத்தை நான் குறைத்துப் பேசவில்லை. மீட்பின் எல்லை எங்கே நின்றது என்பதே என் கேள்வி.

மலாயாவிலிருந்து சயாம்–பர்மா ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட தொழிலாளர்கள் சுமார் 78,000 பேர். பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். போருக்குப் பிந்தைய கணக்கே ஏறத்தாழ 30,000 பேர் இறந்ததாகச் சொல்கிறது. உண்மை இன்னும் அதிகம் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. கணவரோடு அங்கே போன பெண்களும் குழந்தைகளும் உண்டு. காட்டில் அடைபட்டுக் கிடந்தும் இவர்கள் 'சிறைவைக்கப்பட்டோர்' ஆகவில்லை, 'இடம்பெயர்ந்தோர்' ஆனார்கள். ஒரு சொல் மாறியதும் கோப்பு மாறியது, பொறுப்பேற்கும் அலுவலகம் மாறியது, கப்பலுக்கான வரிசையும் மாறியது. காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்கு ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசையாக நிற்கின்றன. நம் கூலிகளுக்கு அப்படிப் பெயர் சொல்லும் கற்கள் இல்லை.

மரக்காணத்து உப்பளக் கரையிலிருந்து இதை எழுதுகிறேன். இந்த ஊர் அடங்கிய பழைய தென்னார்க்காடு, மலாயாவுக்கு ஆள் அனுப்பிய மாவட்டங்களில் ஒன்று. அங்கே ரப்பர் தோட்ட லயத்தில் காத்திருந்த மனைவிக்குக் கணவனின் சாவு பெரும்பாலும் உயிர்தப்பி வந்த இன்னொருவரின் வாய்ச்சொல்லாகவே வந்தது. தேதி கிடையாது, தாள் கிடையாது. தாலியைக் கழற்றுவதா, காத்திருப்பதா என்பதை அவளே முடிவுசெய்ய வேண்டியிருந்தது. பிள்ளைகளுக்குச் சோறு வேண்டுமே, மறுநாள் பால்வெட்டவும் போக வேண்டியிருந்தது.

நிவாரணம் அரிசி மூட்டையில் தொடங்குவதில்லை. யாரை எந்தப் பெயரில் எழுதுகிறோம் என்பதில் தொடங்குகிறது. போரின் முடிவைப் பற்றிய எந்த வரலாற்றை வாசித்தாலும், அவளை எந்தப் பட்டியலில் எழுதினார்கள் என்று நாம் முதலில் கேட்க வேண்டும்.