எடையும் ஈரமும்: தாம்பரம் வட்டார வீடுகளில் விறகு

சமையல் எரிவாயு பரவுமுன் சென்னைக்கும், அதன் தெற்கே பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் எனத் தொடரும் புறநகர்களுக்கும் பெருமளவு விறகளித்த மரம் சவுக்கு. ஆஸ்திரேலிய, தென்கிழக்காசியக் கடற்கரைகளுக்குரிய இம்மரம் 19ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கடற்கரை மணலில் தோப்பு தோப்பாக நடப்பட்டது. நீராவி எஞ்சின்களுக்கு எரிபொருள் தேடிய ரயில்வேயின் தேவையும் அதற்கொரு தூண்டுதல். 1806இல் வடக்கே வெட்டத் தொடங்கி, 1876–78 பஞ்ச காலத்தில் நகரின் ஊடாக இணைக்கப்பட்டு, ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயரைப் பெற்ற கால்வாய், தெற்கே மரக்காணம் வரை நீண்டு, விறகுப் படகுகளுக்கு வழியானது.

வந்த கட்டைகள் விறகுத்தொட்டி எனப்பட்ட விறகுக்கடைகளில் மணங்குக் கணக்கில் விலைபோயின. சென்னை மணங்கு என்பது எட்டு வீசை, அதாவது 25 பவுண்டு, ஏறத்தாழ 11.3 கிலோ. வெட்டிய மரத்தின் எடையில் பாதியளவு நீராகவே இருக்கக்கூடும் என்பதால், பச்சை விறகு வாங்கியவர் தண்ணீருக்கும் சேர்த்தே காசு கொடுத்தார். அந்த நீரைக் கிலோவுக்கு 540 கிலோகலோரி வீதம் ஆவியாக்கி வெளியேற்றும் செலவும் அவருடைய அடுப்பின் தலையிலேயே விழுந்தது. சவுக்கு பச்சையாகவே பற்றிக்கொள்ளும் இயல்புடையது. எடைக்கு விற்பவருக்கு அதை உலர்த்தி விற்பது நட்டம். ஆகவே விறகைக் காயவைப்பது வீட்டார் வேலையாயிற்று. ஈரக்கட்டையின் புகையோ சமைக்கும் பெண்களின் கண்ணுக்கும் மார்புக்கும் போனது.

ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும் இவ்வட்டாரத்தில், கோடையிலேயே வாங்கி, கத்திரி வெயிலில் காயவைத்துவிடுவதே சிக்கனம். கட்டையின் பட்டை ஈரத்தை உள்ளே பூட்டி வைப்பதால், முதலில் கோடாரியும் ஆப்பும் கொண்டு கட்டையைப் பிளந்து உள்மரத்தை வெயிலுக்குக் காட்ட வேண்டும். பிறகு கரையான் ஏறாதபடி கருங்கல் துண்டுகளின்மேல், காற்று புகும் இடைவெளியோடு, குறுக்கும் நெடுக்குமாக அடுக்க வேண்டும். மழைக்குமுன் அடுக்கு தாழ்வாரத்துக்கு மாறும். சில வாரத் தேவைக்கானது அடுப்புக்கு மேலுள்ள பரணில் ஏறி, அன்றாடச் சமையலின் சூட்டிலேயே மேலும் காயும். பற்றவைக்க உதவும் சவுக்கு மிளார், அதாவது மெல்லிய கிளைக்குச்சிகள், தென்னம்பன்னாடை, வரட்டி ஆகியவற்றுக்குத் தனி மூலை. அடுக்கில் கையை விடுமுன் தட்டிப் பார்ப்பது தேளுக்குப் பயந்து.

இதற்கெல்லாம் கொல்லைப்புறம் வேண்டும். 1931இல் கடற்கரை–தாம்பரம் மின்ரயில் ஓடத் தொடங்கியபின் இருப்புப்பாதையை ஒட்டி வளர்ந்த குடியிருப்புகளில், சுவரோடு சுவர் ஒட்டிய நகரத் தெருக்களில் கிடைக்காத அந்த இடம் கிடைத்தது. மண்ணெண்ணெயும், அதன்பின் எரிவாயு உருளையும் வந்து பரணைக் காலிசெய்தன; கொல்லைப்புறங்களின்மேல் பின்னர் அடுக்ககங்கள் எழுந்தன. சவுக்கு மட்டும் இன்றும் பயிராகிறது: பெரும்பகுதி காகித ஆலைக்கும், கட்டடச் சாரத்துக்கும் போகிறது.