வாப்பாவின் விரலும் ஒரு இரும்பு வளையமும்

"சேர், கேம்புக்கு வில்லுக்கத்தி கொண்டு வரலாமா?"

தரம் 9 சாரணன் ஒருவன் போன கிழமை கேட்டான். உடனே பதில் சொல்ல முடியவில்லை. காரணம் இரண்டு.

ஒன்று, வாப்பாவின் ஆட்காட்டி விரல். வாலிபத்தில் வில்லுக்கத்தியால் கயிறு அறுத்துக்கொண்டிருந்தபோது அலகு மடிந்து விரலில் இறங்கியது. இன்றும் அந்த விரல் முழுதாக நீளாது. மற்றது, 2019 ஏப்ரலுக்குப் பிந்திய நாட்கள். தேடுதல் வருகிறது என்று கேள்விப்பட்டதும் உம்மா அதே கத்தியைத் துணியில் சுற்றிக் கிணற்றுக்குள் போட்டுவிட்டார். மாங்காய் வெட்டின கத்தி! இந்தப் பதிவை எழுதலாமா வேண்டாமா என்று நானும் இரண்டு நாள் யோசித்தேன்.

ஆனால் பிள்ளை கேட்டது நியாயமான கேள்வி. தேடிப் பார்த்தபோது எனக்கே ஒரு நல்ல வரலாற்றுப் பாடம் கிடைத்தது.

பிரான்ஸில் சவோய் என்ற மலைப் பிரதேசம். 1860இல்தான் பிரான்ஸோடு சேர்ந்தது. அங்கே மொரியன் பள்ளத்தாக்கில் கோடரி, வெட்டுக்கத்தி அடிக்கும் கொல்லர் குடும்பம் ஒன்று. அந்த வீட்டுப் பையன் ஜோசப் ஒபினெல் 1890இல், 18 வயதில், சட்டைப் பையில் போடக்கூடிய ஒரு மடக்குக் கத்தியைச் செய்தான். மரப் பிடி, அதில் ஒரு வெட்டு, அதற்குள் மடியும் அலகு. நமது வில்லுக்கத்தியில் உள்ளதுபோல முதுகில் வில் கூட இல்லை. மரமும் இரும்பும் உரசுகிற இறுக்கம்தான் அலகைப் பிடித்து வைத்தது. மலிவான கத்தி. விவசாயிகளும் ரயில்பாதைத் தொழிலாளர்களும் வாங்கினார்கள். 1897இல் 1 முதல் 12 வரை இலக்கமிட்டு 12 அளவுகளில் வந்துவிட்டது.

1909இல் அவர் பதிவு செய்த வணிகச் சின்னத்தைப் பார்த்து நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒரு கை, அதற்கு மேல் ஒரு முடி. முடி சவோய் ஆட்சியாளர்களுக்குரியது. கை, பக்கத்து நகரமான சான் ஜான் தெ மொரியனின் சின்னத்திலிருந்து வந்தது. 'சான் ஜான்' என்று அவர்கள் சொல்வது நாம் நபி யஹ்யா (அலை) என்று சொல்பவரைத்தான். அவரது விரல்கள் அந்த ஊர்த் தேவாலயத்தில் இருப்பதாக அவர்களுடைய நம்பிக்கை. திமிஷ்கின் உமையாப் பள்ளிவாசலில் அவருக்கொரு அடக்கத்தலம் இருப்பது நம்மில் பலருக்குத் தெரியும். விரலைச் சின்னமாக வைத்த கத்தி, 65 வருடங்களாக விரல்களுக்குக் காவல் இல்லாமலே விற்பனையானது.

அந்தக் குறையைத் தீர்த்தவர் ஜோசப்பின் மகன் மார்செல் ஒபினெல். 1955. அவர் செய்தது பெரிய இயந்திர வேலை ஒன்றும் இல்லை. பிடியின் கழுத்தில், ஒரு பக்கம் பிளந்த இரும்பு வளையம் ஒன்றைச் சுழலுகிற மாதிரிப் போட்டார். பிளவு அலகுக்கு நேரே இருந்தால் கத்தி மடியும். வளையத்தைக் கொஞ்சம் திருப்பினால் அலகின் அடிப்பகுதி முட்டிக்கொண்டு நிற்கும், மடியாது. 2000ஆம் ஆண்டிலிருந்து மூடிய நிலையிலும் பூட்டலாம், பைக்குள் தானாகத் திறக்காது. மொத்தக் கத்திக்கே ஐந்து பாகங்கள்தான்.

பூட்டு வேறு விதமாகவும் உண்டு. அமெரிக்காவின் பக் நிறுவனம் 1964இல் வெளியிட்ட 110இல், முதுகுப் பக்கச் சட்டம் ஒன்று அலகின் காடியில் விழுந்து பிடிக்கும். பலமான பூட்டு, ஆனால் கத்தி சுமார் 200 கிராம். ஒபினெல் 8ஆம் இலக்கம் அதில் கால்வாசி கூட இல்லை. பிறகு 1980களில் மைக்கல் வோக்கர் என்பவரால் பிரபலமான 'லைனர் லொக்' வந்தது. பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகடு அலகின் பின்னால் வந்து முட்டும். ஒரு கையால் மூடலாம் என்று அதைப் புகழ்கிறார்கள். மூடும்போது பெருவிரல் அலகின் பாதையில்தான் நிற்கிறது. பழகிய ஆளுக்குப் பரவாயில்லை. தரம் 9க்கு? என் வோட்டு இல்லை. வளையப் பூட்டில் இரண்டு கையும் வேண்டும், அந்தத் தாமதமே பிள்ளைகளுக்கு நல்லது. இடக்கைப் பிள்ளைக்கும் ஒரே மாதிரித்தான்.

அதற்கும் குறை உண்டு. மரப் பிடி ஈரத்தில் ஊதும். நம்முடைய மாரி காலத்தில் அலகு பிடிக்குள் இறுகிவிடும், நகத்தால் இழுத்தாலும் வராது. சவோய்க்காரர்கள் பிடியின் அடியை மேசையில் ஒரு தட்டுத் தட்டுவார்கள், அலகு கொஞ்சம் வெளியே எட்டிப் பார்க்கும். வளையம் திறந்திருக்க வேண்டும். கார்பன் உருக்கு அலகு கடற்காற்றில் இரண்டு நாளில் துருப்பிடிக்கும், ஆகவே நமக்குத் துருப்பிடிக்காத உருக்குத்தான். எதை வாங்கினாலும் கடையிலேயே பூட்டிப் பார்த்து, அலகின் முதுகைக் கட்டையில் மெதுவாக அழுத்துங்கள். ஆடினால் வைத்துவிட்டு வாருங்கள்.

பையனுக்குச் சொன்ன பதில்: நீ கொண்டு வராதே, குழுவுக்கு ஒன்று நான் கொண்டு வருகிறேன். 7ஆம் இலக்கத்தில் நுனி வட்டமாக, பிள்ளைகளுக்கென்றே ஒரு வகை இருக்கிறது. வெளிநாட்டிலிருக்கும் மச்சான் ஒன்று அனுப்பியிருந்தார்.

அதை வாப்பாவிடம் கொடுத்தேன். வளையத்தை நாலைந்து தரம் திருப்பிப் பார்த்தார். அந்த மடங்கிய விரலால்தான் திருப்பினார்.

"இதென்ன வெல மகன்?" என்றார். சொன்னேன். "உம்மாட்ட காட்டாத."