மூச்சுக்கு ஒரு கணக்கு

பி.காம் படிக்கிறவனுக்கு நுரையீரலில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். கணக்கு இருக்கிற இடமெல்லாம் எங்கள் ஏரியாதான் :-)

சிகரெட்டோ விறகடுப்புப் புகையோ வருஷக்கணக்காகத் தின்று நுரையீரல் கெட்டுப்போவதை சி.ஓ.பி.டி. என்கிறார்கள். முற்றினால் மலைக்கோட்டையின் நானூற்றுச் சொச்சம் படிகளை விடுங்கள், வீட்டு வாசல்படியே மலைதான். ரத்தத்தில் ஆக்சிஜன் ரொம்பக் குறைந்தவர்களுக்கு வீட்டிலேயே ஆக்சிஜன் கொடுக்கிறார்கள். இந்த வைத்தியம் வந்த பாதை சுற்றோ சுற்று.

1774-ல் பிரீஸ்ட்லி இந்த வாயுவைப் பிரித்தெடுத்தார். 1799-ல் தாமஸ் பெடோஸ் பிரிஸ்டலில் வாயு வைத்திய நிலையமே திறந்தார், பெரிய பலனில்லை. அப்புறம் நூறு வருஷம் வண்டி அதிகம் நகரவில்லை. முதல் உலகப்போரின் விஷவாயு வந்தபிறகுதான், 1917-ல் ஹால்டேன் ஆக்சிஜனை முறையாகக் கொடுப்பது பற்றி எழுதினார்.

நாள்பட்ட நோயாளிகள் விஷயத்தில் டாக்டர்களுக்கே பயம் இருந்தது. சிலருக்குத் தாராளமாகத் திறந்துவிட்டால் ரத்தத்தில் கரியமில வாயு ஏறி மயக்கத்தில் போய்விடுவார்கள். 1960-ல் கேம்ப்பெல் கொண்டுவந்த வென்சுரி மாஸ்க் இதற்காகத்தான்: அளந்து கொடு. இன்றும் இவர்களுக்கு 88-லிருந்து 92 சதவீதம் போதும் என்கிறார்கள். 'மூச்சு முட்டுது, இன்னும் கொஞ்சம் திருகு' என்று நாமே கூட்டுவது ஆபத்து.

சரி, தினமும் எத்தனை மணி நேரம்? அமெரிக்காவில் 203 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு இரவில் 12 மணி நேரம், இன்னொன்றுக்கு நாள் முழுக்க (நிஜத்தில் சராசரி சுமார் 18 மணி). 1980-ல் முடிவு வந்தது. இரவு மட்டும் வாங்கியவர்களின் இறப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! அடுத்த வருஷம் பிரிட்டன் முடிவு. 87 பேர், ஒரு பிரிவுக்கு 15 மணி நேரம், மற்றதற்கு ஒன்றுமில்லை. ஐந்து வருஷத்தில் ஆக்சிஜன் வாங்கிய 42 பேரில் 19 பேர் இறந்தார்கள், வாங்காத 45 பேரில் 30 பேர். அதில் எனக்குப் பிடித்த விவரம் ஒன்று உண்டு. ஆண்களில் முதல் 500 நாள் வித்தியாசமே தெரியவில்லை. அதற்கப்புறம்தான் கோடுகள் பிரிந்தன.

(எல்லோருக்கும் இது தேவை என்றில்லை. 738 பேரை வைத்து 2016-ல் வெளியான ஆய்வில், ஆக்சிஜன் ஓரளவே குறைந்தவர்களுக்கு வீட்டு ஆக்சிஜனால் பலன் தெரியவில்லை.)

இனி நம்ம ஊர்க் கணக்கு. நிமிஷத்துக்கு 2 லிட்டர் வீதம் 15 மணி நேரத்துக்கு 1,800 லிட்டர். பெரிய சிலிண்டரில் 7,000 லிட்டர், நாலு நாள் முழுசாக வராது. 2020 செப்டம்பரில் மத்திய அரசு வைத்த உச்சவிலை கன மீட்டருக்கு ரூ.25.71, அதாவது ஒரு சிலிண்டர் வாயு வெறும் 180 ரூபாய் (வரி தனி). காசெல்லாம் வண்டிக்கும் டெபாசிட்டுக்கும் தூக்குகூலிக்கும்தான் போகிறது. அதனால்தான் கான்சென்ட்ரேட்டர். கொரோனா சமயத்தில் அதன் விலை தாறுமாறாக ஏற, 2021 ஜூன் 3-ல் வியாபார லாபத்துக்கு 70 சதவீதம் என்று வரம்பு வைத்தார்கள். வரம்பே எழுபது!

எங்கள் தெருவில் ஒரு தாத்தாவுக்கு அந்த மெஷின் இருக்கிறது. மூச்சு வாங்கினால் போடுவார்கள், அடங்கினால் அணைத்துவிடுவார்கள். மீட்டர் ஓடுகிறதாம். பாட்டியிடம் அந்த 500 நாள் கதையைச் சொல்லி, டாக்டர் சொன்ன நேரம் முழுக்கப் போடச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பதினஞ்சு மணி நேரம் போட்டா எத்தன யூனிட்டு தம்பி வரும்?" என்றார்.

மெஷின் சுமார் 350 வாட். இரண்டு மாதத்துக்கு 315 யூனிட். இலவச யூனிட்டை ஃபேனும் ஃபிரிட்ஜும் ஏற்கெனவே தின்றுவிடுகின்றன.