கணினிவழி வீடியோத் தொகுப்பு அமைப்புகள்: ஆரம்ப கால விலை

நாடாவை முன்னும் பின்னும் ஓட்டித் தேடாமல், வேண்டிய காட்சியை வேண்டிய கணத்தில் எடுத்து அடுக்கும் பொருட்டுக் கணினியின் துணைகொண்டு அமைக்கப்பட்ட தொழில்முறைச் சாதனங்கள், தோன்றிய காலந்தொட்டு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் வரை, பெரிய ஸ்தாபனங்கள் மட்டுமே எண்ணிப் பார்க்கக்கூடிய விலையில் இருந்தன.

அவற்றுள் முதலாவது, அமெரிக்காவில் சி.பி.எஸ். தொலைக்காட்சியும் மெமோரெக்ஸும் கூட்டாக நிறுவிய சி.எம்.எக்ஸ். நிறுவனம் 1971-இல் வெளியிட்ட சி.எம்.எக்ஸ். 600 ஆகும். பி.டி.பி.-11 கணினி இயக்க, தொகுப்பாளர் ஒளிப்பேனாவால் திரையிலேயே வெட்டுமிடத்தைக் குறிக்க இயன்ற அவ்வமைப்பின் விலை சுமார் 2,50,000 டாலர். அத்தொகையைக் கொடுத்தவருக்குக் கிடைத்ததோ, சலவை யந்திரமளவு பருத்த வட்டு யந்திரங்களில் அரைமணி நேரமே அடங்கும் தெளிவு குன்றிய கறுப்பு வெள்ளைப் படம். ஆதலால் இங்கே தீர்மானித்த வெட்டுகளின் பட்டியலைக் கொண்டு மூல நாடாக்களை வேறோர் அறையில் மறுபடியும் தொகுக்க நேர்ந்து, ஒரே வேலைக்கு இரட்டைச் செலவாயிற்று. விற்பனையானவை மிகச் சிலவே.

இவ்விலைக்குக் கணினியைக் காட்டிலும் படத்தைச் சேமிக்கும் இடமே பிரதான காரணம் என்பதில் சந்தேகமில்லை. 1984-இல் வந்த மாண்டேஜ், ஒரே காட்சிகளின் பிரதிகளைப் பதினேழு பீட்டாமேக்ஸ் யந்திரங்களில் ஏற்றியும், லூகாஸ்ஃபிலிமின் எடிட்டிராய்டு, காட்சிகளை லேசர் வட்டுகளில் பதித்தும் இக்குறையைத் தாண்ட முயன்றன. பில் வார்னர் நிறுவிய அவிட் 1989-இல் மக்கின்டாஷ் கணினியில் அமைத்த சாதனம் காட்சிகளை எண்ணுருவாக்கிச் சுருக்கிக் கடின வட்டில் வைத்தது. சுருக்காத தொலைக்காட்சிப் படம் ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 20 மெகாபைட் இடம் கேட்க, ஒரு மெகாபைட்டே பல டாலர் விற்ற அந்நாளில், ஒரே ஒரு விநாடியைப் பழுதின்றி வைக்க நூறு டாலருக்குக் குறையாமல் செலவாகும். சுருக்கிய மங்கலான படத்தோடு தொகுப்பாளர் திருப்தியடைந்தது இதனால்தான். அவ்வாறு திருப்தியடைந்தும், முழு அமைப்பின் விலை பல்லாயிரம் டாலரைத் தொட்டது. தமிழ்ப் படங்களுள் 1994-இல் வெளிவந்த 'மகாநதி' அவிட் முறையில் தொகுக்கப்பட்டதாகும்.

வட்டின் விலை சரியவே, சாதனத்தின் விலையும் உடன் சரிந்தது. 1999-இல் ஆப்பிள் வெளியிட்ட ஃபைனல் கட் புரோ மென்பொருளின் விலை 999 டாலர். அவிட்டில் தொகுத்த 'தி இங்கிலீஷ் பேஷண்ட்' படத்துக்காக ஆஸ்கர் பெற்ற வால்டர் மர்ச், 2003-இல் வெளியான 'கோல்டு மவுண்டன்' படத்தை இம்மென்பொருளைக் கொண்டே தொகுத்தார்.